நாலு கட்டைச் சுருதி: வீட்டில் செய்த ஒரு சுருதிப் பெட்டியை மென்பொருளாக்கிய கணக்கு

செம்பட்டியில் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருந்தது. தேக்குப் பலகை, ஒன்றரை அடி நீளம், முன்பக்கம் மூணு குமிழ், ஒரு சின்ன ஸ்பீக்கர். பெரியப்பா ரேடியோ மெக்கானிக். பகலில் கடை, சாயங்காலம் பஜனை மடம். எண்பதுகளில் அவர் தன் கையாலேயே செய்த எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இது. தைப்பூசத்துக்கு மதுரைப் பக்கமிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்கள் செம்பட்டி தாண்டித்தான் ஒட்டன்சத்திரம் போவார்கள். அந்த ராத்திரிகளில் பந்தலில் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது இந்தப் பெட்டியின் சத்தம்தான்.

போன வருஷம் அக்கா அதை இறக்கிக் கொடுத்தார். "அப்பா பண்ணுனது தம்பி. கரன்ட்டு குடுத்தா உர்ருங்குது, சுருதி வரமாட்டேங்குது. அப்பா கடைசி நாலஞ்சு வருஷம் மடத்துல நாலு கட்டையிலதான் பாடுவாரு. அந்தச் சத்தம் போன்ல வர்ற மாதிரி பண்ணிக் குடு."

போனில் தம்புரா ஆப் எத்தனையோ இருக்கிறது. அக்காவுக்கு அது வேண்டாம், இந்தச் சத்தம்தான் வேண்டும். சரி, ஆறு டிரான்சிஸ்டர்தானே, ஒரு வாரக் கடைசி வேலை என்று நினைத்தேன். அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசத்தில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருதிப் பெட்டியும் சிந்தசைசரும்

சிந்தசைசர் என்றதும் நமக்குக் கீபோர்டுதான் ஞாபகம் வரும். ஆனால் அடிப்படையில் அது மின்சுற்றால் அலையை உண்டாக்கி, அதை ஒலியாக்கும் கருவி, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியும் ஒரு அனலாக் சிந்தசைசர்தான். ராகம் வாசிக்காது, மூணே சுரம் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இந்தியாவில் சிந்தசைசரின் கதை பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்தும் சொல்லலாம். 1969ல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். 1972 வரை கீதா சாராபாய் முதலானவர்கள் அங்கே பதிவு செய்த நாடாக்களைப் பிற்பாடு பால் பர்கஸ் என்ற இசைக் கலைஞர் தேடி எடுக்க, 2023ல் அவை வெளிவந்தன.

நம் பக்கத்துக் கதை வேறு தினுசு. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ்நாராயண் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞர், ரேடெல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவருடைய எலக்ட்ரானிக் தம்புரா 1979ல் சென்னை மியூசிக் அகாடமியில் நடந்த மாநாட்டில் காட்சிக்கு வந்தது. பாடுகிறவருக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து தம்புரா மீட்ட வேண்டும் என்ற கட்டாயம் அதோடு தளர ஆரம்பித்தது. தன் கலைக்குத் தேவையானதைத் தானே செய்துகொண்ட ஒரு பொறியாளர் அவர். பெரியப்பாவும் ஒரு சின்ன அளவில் அதே ஜாதிதான். அவரிடம் கம்பெனி இல்லை, ஈயப்பற்று வைக்கிற கம்பி இருந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

திருப்புளி போட்டுத் திறந்தால்: பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த பிசி 148 டிரான்சிஸ்டர் ஆறு, பாலியெஸ்டர் கெப்பாசிட்டர்கள், ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, காய்ந்துபோன ஒரு பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர். அந்தக் காய்ந்த கெப்பாசிட்டர்தான் "உர்"ருக்குக் காரணம். ஓரத்தில் நாலு பேட்டரி போடுகிற ஒரு கூடு, கரன்ட் போனால் பயன்படட்டும் என்று பிற்பாடு சேர்த்ததாகத் தெரிந்தது. ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் வெள்ளைப் பெயின்டில் 1, 2, 3, 4 என்று கட்டை அடையாளம். அதே வட்டத்தில் வேறு இடத்தில் சிவப்புப் பெயின்டில் 1, ஒன்றரை என்று இரண்டே அடையாளம். சிவப்பு எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆறு டிரான்சிஸ்டரும் ஜோடி ஜோடியாக மூணு மல்டிவைப்ரேட்டர்: ச, ப, மேல் ச. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸில் ஆபிரகாம், பிளோக் என்ற இருவர் வால்வுகளை வைத்து உருவாக்கிய சுற்று இது. அதன் அலையில் மேல்சுரங்கள் எக்கச்சக்கமாக இருந்ததால்தான் "மல்டி" என்று பெயரே வந்தது.

வேலை செய்கிற விதம் சுலபம். இரண்டு டிரான்சிஸ்டர், நடுவில் இரண்டு கெப்பாசிட்டர். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். மூடியிருப்பதன் பேஸில் இருக்கிற கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் வழியாகக் குடம் நிரம்புகிற மாதிரி மெல்ல நிரம்பும். 0.7 வோல்ட்டைத் தொட்டதும் அது திறந்துகொள்ளும், மற்றதை மூடிவிடும். இப்போது அந்தப் பக்கத்துக் குடம் நிரம்ப ஆரம்பிக்கும். இந்த மாற்றாட்டம் விநாடிக்கு 130 தடவை நடந்தால் ஒரு கட்டைச் சுருதி. குமிழைத் திருப்பினால் ரெசிஸ்டர் மாறும், குடம் நிரம்புகிற வேகம் மாறும், சுருதி மாறும்.

111ம் 130ம்

பெட்டியோடு ஒரு கேசட்டும் கிடைத்தது. மேலே "தைப்பூசம் 86" என்று பெரியப்பா கையெழுத்து. அதைக் கணினியில் ஏற்றிப் பார்த்ததில் பெட்டியின் ச 130 ஹெர்ட்ஸை ஒட்டி நின்றது. ஒரு கட்டை. வெள்ளை அடையாளம் 1ல் குமிழ் வைத்திருந்தால் வர வேண்டிய சுரம். அக்கா சொன்ன நாலு கட்டை இல்லை. சின்ன வயசு ஞாபகம், மாற்றிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து அளவெடுப்பு. வெள்ளை 1ல் குமிழை வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் மொத்தம் 65 கிலோ ஓம். கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோ ஃபாரட். இரண்டையும் பெருக்கினால் 6.5 மில்லி விநாடி. பாலிடெக்னிக் புத்தகத்துச் சூத்திரப்படி ஒரு முழு அலைக்கு அதன் 1.38 மடங்கு நேரம். அதாவது 9 மில்லி விநாடி, அதாவது 111 ஹெர்ட்ஸ்.

கேசட்டில் 130. கணக்கில் 111. கிட்டத்தட்ட மூணு அரைச்சுரம் வித்தியாசம். இசையில் இது சின்ன விஷயம் இல்லை. ஒருவர் ஒரு கட்டையில் பாட, சுருதி அதற்குக் கீழே எங்கேயோ நிற்கிறது என்று அர்த்தம்.

புத்தகச் சூத்திரம் தோராயமானது, நுணுக்கமாகப் போடுவோம் என்று 0.7 வோல்ட், டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது அதில் மிஞ்சுகிற 0.2 வோல்ட் எல்லாவற்றையும் சேர்த்தேன். விடை 106 ஆனது. நுணுக்கமாகப் போகப் போக நெருங்கி வரணும் இல்லீங்களா? இது விலகிப் போச்சு. 1973ல் பெர்க்லியில் பிறந்து இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிற ஸ்பைஸ் வகை மென்பொருளில் சுற்றை அப்படியே வரைந்து ஓட்டினேன். அதுவும் 106 என்றது.

அப்படியானால் கேசட் வேகமாக ஓடியிருக்குமோ? இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பெட்டியின் பவர் சப்ளையிலிருந்து வரும் கரன்ட் முரளல் பதிவிலேயே இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டயோடு பிரிட்ஜுக்குப் பிறகு முரளல் 100. நாடா 22 சதவீதம் வேகமாக ஓடியிருந்தால் முரளலும் 122ல் தெரிய வேண்டும். தெரிந்தது 98ல். அந்தக் காலத்துக் கிரிட் 50க்குக் கொஞ்சம் கீழேயே ஓடிக்கொண்டிருந்ததால் 98 பொருத்தமான எண்தான். ஆக நாடா நிரபராதி. பெட்டி நிஜமாகவே 130ல்தான் ஒலித்தது. தப்பு என் மாடலில்.

குடத்தின் அடியில் ஓட்டை

இதற்கு மட்டும் ஒரு மாசம் போனது. விடை இதுதான்.

ஒரு டிரான்சிஸ்டர் திறக்கும்போது அதன் கலெக்டர் 9 வோல்ட்டிலிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு அருகே விழும். கெப்பாசிட்டர் அந்த வீழ்ச்சியை அப்படியே அடுத்தவரின் பேஸுக்குக் கடத்தும். அந்த பேஸ் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 8 வோல்ட்டுக்குப் போகும். அங்கிருந்து ஏறி 0.7ஐத் தொட வேண்டும். புத்தகம் இதைத்தான் சொல்கிறது, ஸ்பைஸும் இதைத்தான் செய்கிறது.

ஆனால் இந்த மாதிரிச் சின்ன சிலிக்கான் டிரான்சிஸ்டர்களில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவிலுள்ள சந்தி, தலைகீழ் மின்னழுத்தத்தை 5, 6 வோல்ட் வரைதான் தாங்கும். அதற்கு மேலே போனால் ஜீனர் டயோடு மாதிரி கடத்த ஆரம்பித்துவிடும். நான் அளந்தபோது இந்த டிரான்சிஸ்டர்களில் அது 6 வோல்ட்டை ஒட்டி வந்தது. ஆக மைனஸ் 8க்குப் போக வேண்டிய பேஸ் மைனஸ் 6லேயே தடுக்கப்படுகிறது. ஏற வேண்டிய தூரம் குறைந்தால் ஏறும் நேரமும் குறையும், சுருதி ஏறும். இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டதும் 130 வந்தது. ஸ்பைஸின் வழக்கமான டிரான்சிஸ்டர் மாடலில் இந்தத் தலைகீழ் முறிவே கிடையாது. அதனால்தான் அதுவும் என்னோடு சேர்ந்து ஏமாந்தது.

இது டிரான்சிஸ்டரின் குறை இல்லை. 9 வோல்ட்டில் இந்தச் சுற்றைப் போட்டால் பேஸில் ஒரு டயோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். பெட்டியில் அது இல்லை. பெரியப்பா கணக்குப் போட்டுச் செய்யவில்லை, காதால் செய்தார். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு குமிழைத் திருப்பி, ஒத்துப்போன இடத்தில் பெயின்ட் வைத்தார். அவருக்கு 111ம் இல்லை, 106ம் இல்லை.

மோட்டார் போட்டால் சுருதி இறங்கும்

இந்த ஓட்டைக்கு இன்னொரு விளைவும் உண்டு. சாதாரண மல்டிவைப்ரேட்டரில் சப்ளை 9லிருந்து 8.5 வோல்ட்டுக்கு இறங்கினால் சுருதி 4, 5 சென்ட்தான் இறங்கும். ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட், ஆக இது காதுக்கே தெரியாது. ஏறத் தொடங்கும் இடமும் போய்ச் சேர வேண்டிய இடமும் சப்ளையோடு சேர்ந்தே மாறுவதால், ஒன்று மற்றதை ஈடுகட்டிவிடும்.

பெரியப்பாவின் பெட்டியில் தொடங்கும் இடம் மைனஸ் 6லேயே ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஈடுகட்டல் போச்சு. அதே அரை வோல்ட் குறைந்தால் 80 சென்ட் இறங்குகிறது. அதாவது முக்கால் அரைச்சுரத்துக்கும் மேலே. அரை வோல்ட் குறைய வீட்டுக் கரன்ட் 230லிருந்து 218க்கு இறங்கினால் போதும்.

செம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் போட்டால் லைட் மங்குவது அன்றைக்குத் தினப்படி சமாச்சாரம். கேசட்டின் இருபதாவது நிமிஷத்தில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. 130ல் இருந்த ச, இரண்டு விநாடிக்குள் 124க்குச் சரிகிறது. பயும் மேல் சவும் கூடவே இறங்குகின்றன. மூணும் ஒரே விகிதத்தில் இறங்குவதால் அவற்றுக்குள் பிசகே இல்லை. பெட்டியை மட்டும் கேட்டால் எதுவும் தப்பாகத் தெரியாது. பாடுகிறவருக்குத்தான் காலுக்கடியில் தரை நழுவும்.

அப்புறம் நடப்பதைக் கேட்கத்தான் நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பாட்டு நிற்கவில்லை. முதலில் ச மட்டும் சின்னச் சின்னப் படியாக ஏறி 130க்கு வருகிறது. அதற்குள் ப கீழே நிற்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கரகரப்பான அடி எழுகிறது. பிறகு மேல் ச ஏறுகிறது. கடைசியில் ப ஏற, அடி மெதுவாகி, மெதுவாகி, நின்றுபோகிறது. மொத்தம் ஒன்பது விநாடி. ஒரு கை, மூணு குமிழ். இன்னொரு கையில் தாளம் விழாமல் போய்க்கொண்டிருக்கிறது.

மென்பொருளில் எப்படி

வீட்டில் செய்த கருவிகளை மென்பொருளாக்குவது உலகத்துக்குப் புதுசு இல்லை. ரஷ்யப் பொறியாளர் எவ்கெனி முர்சின் 1930களின் கடைசியில் தொடங்கி 1950களில் முடித்த ஏ.என்.எஸ். கருவி, கண்ணாடித் தட்டுகளில் வரைந்த 720 தொனிகளை ஒளியால் வாசிக்கும். அதை அலெக்சாண்டர் சோலோடோவ் "விர்ச்சுவல் ஏ.என்.எஸ்." என்ற மென்பொருளாக்கியிருக்கிறார். இங்கிலாந்தின் டாஃப்னி ஓரம் கென்ட்டில் தன் வீட்டிலேயே உருவாக்கிய ஓராமிக்ஸ் கருவிக்கும் ஒரு போன் செயலி வந்தது. அந்த இரண்டு கருவிகளும் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ரேடியோ மெக்கானிக்குகள் செய்த பெட்டிகளுக்குப் பரண்தான் அருங்காட்சியகம்.

என் வேலையில் மூணு இடம் முக்கியம்.

முதலாவது, அலையின் விளிம்பு. கணினி ஒலியை விநாடிக்கு 44,100 புள்ளிகளாகத்தான் வெளியிடும். இரண்டு புள்ளிக்கு நடுவே சுமார் 23 மைக்ரோ விநாடி. டிரான்சிஸ்டர் திறக்கிற கணம் அந்தப் புள்ளியில்தான் விழும் என்று கட்டாயம் இல்லை. பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்திவிட்டால் சவோடு எந்த உறவும் இல்லாத அந்நியத் தொனிகள் உண்டாகும். வேறு சிந்தசைசரில் இது கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான். சுருதிப் பெட்டியில் இது விஷம், ஏனென்றால் பாடுகிறவர் சாய்ந்துகொள்வதே மேல்சுரங்களின் மேல்தான். திறக்கும் கணத்தைச் சூத்திரத்தால் துல்லியமாகக் கண்டுபிடித்து, விளிம்பை இரண்டு புள்ளிகளுக்கும் பங்கிட்டு மழுக்க வேண்டும். பாலிபிளெப் என்று ஒரு சிக்கனமான முறை இதற்கு இருக்கிறது. பழைய போன்கூடத் தாங்கும்.

இரண்டாவது, அலையின் வடிவம். மல்டிவைப்ரேட்டரில் சதுர அலை வரும் என்று படித்திருப்போம். நிஜத்தில் இறங்கும் விளிம்புதான் செங்குத்து. ஏறும் விளிம்பு, கெப்பாசிட்டர் நிரம்புவதால் வளைந்து ஏறும். சுத்தமான சதுர அலையில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை மேல்சுரங்கள் மட்டுமே உண்டு. இந்த வளைவு அதில் இரட்டைப்படையையும் சேர்க்கிறது. பெட்டியின் சத்தம் நாதஸ்வரத்தின் ஒத்து மாதிரி கொஞ்சம் தடிமனாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூணாவது, முரளல். சப்ளையில் 100 ஹெர்ட்ஸில் ஒரு சின்ன அலைவு எப்போதும் இருக்கும். சுருதி சப்ளையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற இந்தப் பெட்டியில் அந்த அலைவு சுருதியையும் விநாடிக்கு நூறு தடவை மயிரிழை ஆட்டுகிறது. அடிச்சுரத்தில் தெரியாது. இருபதாவது மேல்சுரத்தில் அதே ஆட்டம் இருபது மடங்காகி, சுற்றிலும் ஒரு மங்கலான புகையை உண்டாக்குகிறது. இதைச் சேர்க்காதபோது என் மென்பொருள் டோல்கேட் பீப் மாதிரி இருந்தது. சேர்த்ததும் கேசட் மாதிரி ஆனது.

இதில் தம்புரா எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1921ல் சி.வி. ராமன் எழுதியபடி, வீணை, தம்புராவின் வளைந்த குதிரை, தந்தி மீட்டும் இடத்தால் வராமல் போக வேண்டிய மேல்சுரங்களையும் வரவைத்துவிடும். அந்த ஜீவன் ஒரு மல்டிவைப்ரேட்டரில் வராது. பெட்டி தம்புராவைப் போல நடிக்கவும் இல்லை. அது ஆர்மோனியச் சுருதிப் பெட்டியின் தம்பி.

சிவப்பு அடையாளம்

எல்லாம் சேர்த்து முடித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரையில் அதே மூணு குமிழ், அதே பெயின்ட் அடையாளங்கள், கூடுதலாக "வீட்டுக் கரன்ட்" என்று ஒரு தள்ளுகோல். 230லிருந்து கீழே தள்ளினால் சுருதி சரியும். 86ம் வருஷத்துத் தைப்பூசத்தையே போனுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்காவிடம் போட்டுக் காட்டினேன்.

"சத்தம் அதேதான் தம்பி. ஆனா இதென்ன, இறங்கி இறங்கிப் போகுது? அப்பா பெட்டி இறங்காதே. மத்தவங்க பெட்டிதான் மோட்டார் போட்டா அழும். அப்பாதுதான் நாலு கட்டை ஆச்சே."

"நாலு கட்டைன்னா மேலே போகும்ல அக்கா? அவர் ஒரு கட்டையிலதானே பாடியிருக்காரு, கேசட்ல இருக்கே."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. "அந்தக் கட்டை இல்லடா. பேட்டரிக் கட்டை. டார்ச்சுக்குப் போடுற கட்டை. நாலு போடுவாரு."

எங்கள் பக்கத்தில் பேட்டரியைக் கட்டை என்றுதான் சொல்வோம். நான் சுருதிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அஞ்சு மாசம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி மாடலில் சப்ளையைப் படிப்படியாக இறக்கினேன். குமிழ் வெள்ளை 1லேயே இருக்க, 9 வோல்ட்டில் 130 ஹெர்ட்ஸ், 8.5ல் 124, 8ல் 118, 7ல் 106. அதற்குக் கீழே கதை மாறுகிறது. 6ல் 104. 5.5ல் 103. சரிவு சட்டென்று நின்றுவிடுகிறது. காரணம் எளிது. 6 வோல்ட் சப்ளையில் பேஸ் மைனஸ் 5 வரைதான் இழுக்கப்படும். சந்தி முறிகிற இடத்தையே தொடாது. ஓட்டை அடைபட்டுவிடுகிறது, புத்தகச் சூத்திரம் திரும்ப உயிர் பெறுகிறது. நாலு பேட்டரிக் கட்டை என்றால் 6 வோல்ட்.

சுருதி நிலையாகிவிட்டது, ஆனால் 104ல். அதை ஒரு கட்டைக்கு ஏற்றத் திரையிலிருந்த குமிழைத் திருப்பினேன். ரெசிஸ்டர் 65லிருந்து 52 கிலோ ஓமுக்கு வந்தபோது ச 130ஐத் தொட்டது. குமிழின் முனை சிவப்பு 1க்கு நேரே நின்றது.

நிஜப் பெட்டியைத் தூக்கிவந்து சிவப்பு அடையாளத்தில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். 52. சிவப்பில் ஏன் ஒன்றரையோடு நிற்கிறது என்பதற்கும் விடை கிடைத்தது. 6 வோல்ட்டில் குமிழை முழுக்கத் திருப்பினாலும் 144 ஹெர்ட்ஸ்தான் வரும். இரண்டு கட்டைக்கு 147 வேண்டும். எட்டாது.

அந்த பேட்டரிக் கூடு கரன்ட் போனால் போட்டுக்கொள்ள வைத்தது இல்லை. டயோடு வைத்தியம் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் கரன்ட்டை விட்டுவிட்டு நாலு கட்டைக்கு மாறினால் சுருதி நிற்கிறது என்பதைக் கேட்டுக் கண்டுபிடித்து, அதற்கென்று தனி அளவுகோலும் வரைந்து வைத்திருக்கிறார். பேட்டரி தீர்ந்துகொண்டே வரும்போது சுருதி கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் அது பல ராத்திரிகளில் மெதுவாக நடப்பது. பாட உட்காரும்போது ஒரு தடவை சரிபார்த்தால் போதும், ஒரு கை குமிழிலேயே இருக்க வேண்டியதில்லை. நான் கேசட்டில் கேட்டது 86ம் வருஷத்துப் பெட்டி. அக்கா கேட்டு வளர்ந்தது அதற்கப்புறம் திருந்திய பெட்டி.

இப்போது எது "அசல்"? பழைய சிந்தசைசர்களை மென்பொருளாக்குகிறவர்கள் அதன் தள்ளாட்டத்தையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். தள்ளாட்டம்தான் அனலாக் சூடு என்பார்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் சரிவைப் பாடுபட்டுப் பிடித்தேன். ஆனால் செய்தவர் அந்தச் சரிவோடு சில வருஷம் மல்லுக்கட்டி அதை ஒழித்திருக்கிறார். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை அவர் பெயரில் முதல் பக்கத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. செயலியைத் திறந்தால் இப்போது நாலு கட்டையில்தான் ஆரம்பிக்கும், சிவப்பு அடையாளத்தில். பேட்டரியில் 100 ஹெர்ட்ஸ் முரளல் கிடையாது என்பதால் அந்தப் புகையும் இல்லை. அலையின் வளைவு மட்டும் அப்படியே இருக்கிறது. 86ஐக் கேட்க விரும்புகிறவர் கரன்ட் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். அக்கா இதுவரை அழுத்தவில்லை.

உங்கள் வீட்டிலோ மடத்திலோ இப்படி ஒரு பெட்டி இருந்தால், பழுது பார்க்கவோ தூக்கிப் போடவோ முன்னால் சில வேலை செய்துவிடுங்கள். குமிழ்கள் இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள், அடையாளம் இருந்தால் எந்த நிறம் என்று தெரியும்படி. ஒவ்வொரு அடையாளத்திலும் ரெசிஸ்டரை அளந்து எழுதுங்கள், கெப்பாசிட்டரில் அச்சிட்ட எண்ணோடு நிஜ அளவையும் குறியுங்கள். எத்தனை வோல்ட்டில் ஓடியது என்று பாருங்கள். இதெல்லாம் முடிந்ததும், அதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்கிற வார்த்தைக்கு அவர்கள் அர்த்தம் என்ன என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது ஒன்றுதான் அஞ்சு மாசத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.